நெகட்டிவில் கறுத்த மருதோண்டி

மருதோண்டி கறுப்பாகத் தெரிந்தது. அதுதான் பிழை.

ஈரம் சொட்டும் பிலிம் தாளை இரண்டு விரல் நுனியில் தூக்கி, முன்னறை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி ஃபஹ்மியா நின்றாள். மருந்துத் தண்ணீரின் புளித்த நெடி மணிக்கட்டு வழியாக முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. வெளியே பள்ளிவாசல்துறையின் பத்து மணி வெயில், கருவாடு காயும் பாய்களில் காகங்களின் சண்டை, கரையோரக் காற்றாலைகளின் ஓயாத உறுமல், எல்லாம் நேற்று இருந்தபடியே இருந்தன. நெகட்டிவ் என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் மாற்றிப்போடும். கூந்தல் வெளுக்கும், பல் கறுக்கும், வெள்ளைச் சுவர் இருண்டு போகும். மருதோண்டி போட்ட கையென்றால் தோல் இருண்டு கோலம் வெளுத்திருக்க வேண்டும். இந்தத் தாளிலும் சுவர் இருண்டிருந்தது. கறுப்புக் கதிரை வெளுத்திருந்தது. அதில் உட்கார்ந்திருந்த மணப்பெண் மபாஸாவின் முகம் கரியாக இருந்தது. எல்லாம் ஒழுங்கு. ஆனால் மபாஸாவுக்கு முன்னால், இடப்பக்கமாக, ஒரு கை. விரித்த உள்ளங்கை. தோல் தோலின் நிறத்தில். கோலம் கறுப்பில்.

மபாஸாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அந்தக் கை மட்டும்தான் தெளிவாகவும் இருந்தது, ரேகை எண்ணலாம் போல. மபாஸா புகையாக மங்கிக் கிடந்தாள். மங்கலுக்கு ஃபஹ்மியாவிடம் காரணம் இருந்தது. அவளுடைய கமரா நூறு வருடத்துக்கு முன் கண்ணாடித் தகடுகளுக்காகச் செய்த பெட்டி. தகடு இப்போது கடைகளில் கிடையாது. அதற்குப் பதிலாகத் தாள் தாளாக வரும் ஷீட் பிலிமைப் போடுகிறாள். பிலிமுக்குக் கண்ணாடியின் தடிப்பு இல்லை. அதனால் ஒவ்வொரு தாளையும் முதலில் மெல்லிய தகர உறையில் செருகி, உறையோடு, கமராவின் முதுகில் செருகும் ஹோல்டரில் ஏற்ற வேண்டும். உறை மறந்துபோனால் பிலிம் ஒரு நூலளவு பின்னுக்குப் போய்விடும். அப்படிப் போனால் அவள் குறிபார்த்த முகம் மங்கி, அந்த முகத்துக்கு முன்னால் எது நிற்கிறதோ அது தெளியும்.

உறையை மறந்திருப்பேன் என்று நினைத்தாள். ஹோல்டரைத் திறந்தாள்.

உறை இருந்தது.

படம் எடுத்துவிட்டுப் போகும்போது மபாஸா சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. "படம் எடுக்கக்குள்ள ஏன் ராத்தா முன்னுக்கு வந்து நிண்டீங்க? நீங்க வெலகுவீங்கதானே எண்டு கண்ண மூடாமப் பாத்துட்டே இருந்தன்." படம் விழுந்த அந்த இரண்டு விநாடியும் ஃபஹ்மியா கமராவுக்குப் பின்னால்தான் நின்றாள். கூச்சத்தில் உளறுகிறாள் என்று சிரித்து அனுப்பிவிட்டிருந்தாள்.

கற்பிட்டிப் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் அவளிடம் வருவது படத்தின் அழகுக்காக அல்ல. முக்காடு இல்லாமல், கூந்தலை அவிழ்த்துவிட்டு, தனக்கென்று ஒரே ஒரு படம் வேண்டும் என்ற ஆசை எல்லாக் குமருக்கும் இருக்கிறது. ஃபோனில் எடுத்தால் அது எந்த வாசலால் வெளியேறும் என்ற பயமும் இருக்கிறது. ஃபஹ்மியாவின் வீட்டுக்குள் வரும்போது எல்லோருடைய ஃபோனும் வாசற்படியில் பனையோலைப் பெட்டிக்குள் போகும். அவளுடையதும் போகும். அவள் எடுப்பது தாள். தாள் காய ஒரு இரவு வேண்டும். மறுநாள் காலையில் நெகட்டிவையும் பிரதியையும் பெண்ணின் கையிலேயே கொடுத்து, "என்ட கையில ஒண்டும் மிஞ்சல்ல" என்று சொல்லி விரித்துக் காட்டுவாள். அதுதான் அவளுடைய வியாபாரம். அது வெறும் சொல்தான். வேறு எதுவும் அவளிடம் இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. அரசாங்க நியமனத்துக்காக மூன்று வருடம் காத்திருந்து, எதுவும் வராமல், அந்தக் கோபத்தில் வாங்கிய பழைய பெட்டி இது.

இரண்டு மாதத்துக்கு முன் ஜுமானாவுக்கும் அப்படித்தான் விரித்துக் காட்டினாள். இருபது வயது. ஃபஹ்மியாவின் அக்கா பரீனா ராத்தா மருதோண்டி போடும்போது கூச்சம் தாங்காமல் சிரித்துக் கையை இழுத்தவள். மூன்றாம் நாள் அவளுடைய அவிழ்ந்த கூந்தல் ஊரின் எல்லா ஃபோன்களிலும் இருந்தது. மாப்பிள்ளை வீடு கல்யாணத்தை நிறுத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் களப்புத் தண்ணீரிலிருந்து உயிரில்லாமல் தூக்கிவந்தார்கள். அவளுக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தம் முந்தாநாள்தான் முடிந்தது.

ஊர் ஃபஹ்மியாவைத்தான் பார்த்தது. ஜுமானாவின் உம்மா மைமூனா வாசலில் வந்து நின்று, அழாமல், "ஒங்கட கையில ஒண்டும் மிஞ்சல்ல எண்டுதானே மகள் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். முன்னால் போய் நின்றது பரீனா ராத்தாதான். "என்ட தங்கச்சி அப்பிடிச் செய்யிற புள்ள இல்ல. அல்லாஹ் மேல ஆணை." அந்த ஓர் ஆணையில்தான் இந்த வீட்டு வாசல் இன்னும் திறந்திருந்தது. நாற்பது நாளுக்குப் பிறகு துணிந்து வந்த முதல் பெண் மபாஸா.

பரீனா குசினியிலிருந்து மருதோண்டிக் கோப்பையைக் கலக்கிக்கொண்டே வந்தாள். ஃபஹ்மியாவைவிட ஒன்பது வயது மூத்தவள். ஊரின் பாதிக் கைகளுக்கு மருதோண்டி போட்டு, அந்தச் சம்பாத்தியத்தில் தங்கையைப் படிக்கவைத்தவள்.

"என்ன, பட்டதாரியம்மா காலையிலேயே மொறைச்சிட்டு நிக்கிறா?"

"படம் பிழைச்சிப் போச்சி ராத்தா."

"நாலு வருசம் படிச்சும் பிழைக்குதா? என்ட கோலம் ஒருநாளும் பிழைச்சதில்ல பாத்தியா. நான் எட்டாம் வகுப்பு."

"இஞ்ச பாருங்க. இது ஆர்ர கை?"

பரீனா சிரித்தபடியே எட்டிப் பார்த்தாள். உள்ளங்கையின் நடுவில் முழுநிலா, அதைச் சுற்றி ஏழு புள்ளி. பரீனாவின் கை வேலை, ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிலாவின் ஓரத்திலிருந்து மணிக்கட்டுவரை ஒரு நீளமான கறை இழுபட்டிருந்தது, ஈரமாக இருக்கும்போதே கையை இழுத்துக்கொண்டது போல.

கோப்பைக்குள் கரண்டி நின்றுபோயிற்று.

"பழைய பிலிமா இரிக்கும்," என்றாள் பரீனா. "வீசு."

"புதுப் பெட்டி. போன கிழமைதான் பிரிச்சன்."

"வீசு எண்டா வீசன் புள்ள. மபாஸாவ பின்னேரம் அசருக்கு வரச் சொல்றன். திருப்பி எடு. அவட்ட ஒண்டும் சொல்லாத."

"இன்னொரு தாள் இரிக்கி. அதையும் கழுவிப் பாக்கிறன்."

"வேணாம்."

அந்த 'வேணாம்' கொஞ்சம் வேகமாக வந்தது. ஃபஹ்மியா திரும்பிப் பார்த்தாள். ராத்தா ஏற்கெனவே குசினிக்குள் போய்விட்டிருந்தாள்.

இருட்டறை முன்பு கருவாட்டு அறை. சுவருக்குள் ஊறிய உப்பும் மீனும் எந்தச் சுண்ணாம்புக்கும் அடங்கவில்லை. கதவிடுக்கில் கறுப்புத் துணியை அடைத்து விளக்கை அணைத்தால், கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்பதே மறந்துபோகும் இருட்டு. இந்தப் பிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது. எல்லாம் விரல்தான். தாளின் மேல் மூலையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அது வலக்கை ஆட்காட்டி விரலுக்குக் கீழே வந்தால் மருந்துப் பக்கம் தன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம். வெட்டு வந்தது. தாளைத் தட்டத்தில் இறக்கினாள். தட்டத்தின் ஒரு முனையை மெல்லத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கி, நேரத்துக்கு நபிமேல் ஓதும் ஸலவாத்தை எண்ணத் தொடங்கினாள். இருட்டறைக்குள் மணிக்கூட்டு வெளிச்சமும் ஆகாது என்பதால் அவள் கண்டுபிடித்த வழி. இருநூறு ஓதினால் தாள் பழுத்துவிடும்.

அறுபது. எழுபது. மருந்து தட்டத்தின் ஓரத்தில் நக்கி நக்கித் திரும்பும் சத்தம். மூச்சு. கருவாட்டு நெடிக்குள் வேறொரு நெடி, அடிக்களப்பைக் காலால் கிண்டினால் வருமே அந்தக் கறுப்புச் சேற்றின் நெடி, மெல்ல ஏறுவது போல இருந்தது. காற்று மாறியிருக்கும். நூற்றிப் பத்து. அவள் தன் பக்கத்து முனையை இறக்கினாள். தட்டம் ஆடியது.

மறுபடி தூக்கப் போனாள்.

எதிர்முனை ஏற்கெனவே உயர்ந்திருந்தது.

கையை எடுத்தாள். தட்டம் ஆடிக்கொண்டே இருந்தது. மெதுவாக. ஒழுங்காக. தூக்கி, இறக்கி. அவள் எண்ணும் கணக்கிலேயே. பிறகு நின்றது. மேசையின் கால் ஆட்டமாக இருக்கும், இத்தனை பழைய மேசை. மீதித் தொண்ணூறையும் உதடு அசையாமல், கை படாமல் எண்ணி முடித்தாள். தாளை நிறுத்தும் தண்ணீரில் முக்கி, நிலைக்கும் மருந்தில் போட்டு, காத்திருந்து, விளக்கைப் போட்டாள்.

இந்தத் தாளில் மபாஸா இல்லை.

இரண்டு கைகள் மட்டும். தெளிவு என்றால் அப்படி ஒரு தெளிவு. நெகட்டிவுக்கு உரியபடி தோல் கறுத்து, நகம் இருண்டு. வலது கையில் ஒரு ஃபோன். பெருவிரல் நகம் நடுவால் பிளந்திருந்தது. போன நோன்பில் தேங்காய் துருவும்போது பிளந்து, இன்னும் வளர்ந்து முடியாத நகம். நாற்பது தடவை அவளே ராத்தாவுக்கு மருந்து கட்டியிருக்கிறாள். இடது கை ஒரு சின்ன நெகட்டிவை யன்னலில் தூக்கிப் பிடித்திருந்தது. அதே யன்னல். முன்னறை யன்னல்.

நெகட்டிவைப் படம் பிடித்தால் அது நெகட்டிவில் நேராகும். அது அவளுக்குத் தெரிந்த கணக்குத்தான். அதனால் அந்தக் கறுத்த விரல்களுக்கு நடுவே, ஓர் அங்குல அளவில், ஜுமானாவின் முகம் மட்டும் மனிதர் முகமாக இருந்தது. கூந்தல் கறுப்பு. பல் வெள்ளை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

காய்கிற தாள். ஒரு இரவு. வாசற்படிப் பெட்டியில் எல்லோருடைய ஃபோனும். வெளியிலிருந்து வருகிறவர்களுடைய ஃபோன். வீட்டிலேயே இருப்பவளின் ஃபோனைப் பற்றி அவள் யோசிக்கவேயில்லை. நெகட்டிவைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும் என்று இருந்துவிட்டாள். இன்றைய ஃபோன் ஒரு தட்டில் அதை நேராக்கிவிடும். இதைக்கூட யோசிக்காத படிப்பு என்ன படிப்பு.

பரீனா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஃபஹ்மியா ஈரத் தாளை அவள் முன்னால், உரித்த சருகுகளின்மேல் வைத்தாள். பரீனா பார்த்தாள். பிறகு கேட்டது பிழையான கேள்வி.

"இத ஆரு எடுத்த? அண்டைக்கு ஊட்டுல நான் மட்டுந்தானே இருந்தன்?"

"அப்ப நீங்கதான்."

"ஒரே ஒரு ஆளுக்குத்தான் புள்ள அனுப்பினன். மாப்பிள்ள ஜௌபர்ட மாமாக்கு. பொடியன் கட்டார்ல. பொண்ண ஒருக்கா முடியோட பாக்கணுமாம், இல்லாட்டி நிக்காஹ்வத் தள்ளிப்போடுவானாம். கட்டிக்கப் போறவன்தானே எண்டு நெனச்சன். அவன் கூட்டாளிமாருக்குக் காட்டுவான் எண்டு எனக்குத் தெரியுமா? காட்டிப்போட்டு, ஊரே பாத்த பொண்ணு வேணாம் எண்டு அவனே சொல்லுவான் எண்டு தெரியுமா?"

"மைமூனா மாமிக்கு முன்னால அல்லாஹ் மேல ஆணையிட்டீங்க."

"நீ செய்யல்ல எண்டுதான் ஆணையிட்டன். அது பொய்யா?"

ஃபஹ்மியாவுக்குச் சிரிப்பு வந்தது. "சும்மாவா அனுப்பினீங்க? அந்தாளு கேட்ட ஒடனே?"

பரீனா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "ஒனக்குத்தான். அந்த மாமா டவுன்ல அந்தப் பிரைவேட் ஸ்கூல் நடத்துறவங்கள்ல ஒராள். ஒன்ட பேரைச் சொல்றன் எண்டாரு."

போன வாரம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம் அலுமாரியில், உம்மாவின் பட்டுச் சேலைக்குக் கீழே இருந்தது. முதலாம் திகதி வேலைக்கு வரவேண்டும். அதை அவள் இந்தக் குசினியில் நின்றுதான் சத்தமாக வாசித்தாள். தகுதியின் அடிப்படையில் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தாள். ராத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நெற்றியில் கொஞ்சினாள். அப்போதே தெரியும் அவளுக்கு. கொஞ்சும்போதே.

"நீ என்ன மனுசி?" என்றாள் ஃபஹ்மியா. பிறந்ததிலிருந்து ராத்தாவை 'நீ' என்று அவள் சொன்னதில்லை. "நான் படிச்சது ஒண்டுக்கும் இல்லையா? அந்தப் புள்ளட முடிய வித்துத்தானா எனக்கு வேல? மைமூனா மாமிட்டப் போறன். இப்பவே போறன்."

"போ." பரீனாவின் குரல் உயரவில்லை. "இதக் கொண்டு போ. லெட்டரையும் கொண்டு போ. ரெண்டையும் சேத்து அவட மடியில வை. பன்னெண்டு வருசம் கை வெந்து வெந்து மருதோண்டி போட்டன், அதையும் சொல்லு. போ."

ஃபஹ்மியா வாசல்வரை போனாள். செருப்பில் ஒரு கால் நுழைத்தாள். வெயில் மணலில் அடித்துக் கண் கூசியது. மைமூனா மாமியின் வீடு நான்கு வேலி தள்ளி. முதலாம் திகதிக்குப் பதினொரு நாள்.

நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லி ஓய்ந்தது. பிறகு செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். பிலிம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தாள். ராத்தா பார்த்துக்கொண்டிருக்க, தாளை நடுவால் வெட்டினாள். ஜுமானாவின் முகத்தின் குறுக்கே. இரண்டு துண்டையும் வெங்காயச் சருகோடு வாளியில் போட்டாள்.

"மபாஸாவ வரச் சொல்லுங்க," என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது. அது அவள் காதிலேயே விழுந்தது.

அசருக்குக் கொஞ்சம் முன், புதுத் தாள் ஏற்றுவதற்காக மறுபடி இருட்டறைக்குள் போனாள். துணியை அடைத்தாள். விளக்கை அணைத்தாள். பெட்டியைத் திறந்தாள். தாள், விரலுக்குக் கீழே வெட்டு, உறை, ஹோல்டர். கை தன்பாட்டில் வேலை செய்தது. சேற்று நெடி இல்லை. மேசை ஆடவில்லை. உள்ளே எதுவும் இல்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, காலியான வீட்டுக்குள் நுழைந்ததுமே தெரியுமே அப்படி.

வெளியே, முன்னறையில், கதிரை இழுபடும் சத்தம். பரீனாவின் குரல், அழுது அடைத்த குரல்.

"வந்துட்டீங்களா மகள்? இரிங்க. தங்கச்சி உள்ளுக்கு. படத்துக்கு முந்தி கையக் கொஞ்சம் புதுப்பிச்சி விடுறன், தாங்க."

கதிரை ஒருமுறை கிரீச்சிட்டது.

"அல்லாஹ்வே, என்ன இப்பிடிக் குளுருது? தண்ணிக்குள்ள கை வெச்சீங்களா?"

ஃபஹ்மியா இரண்டாவது தாளை எடுத்தாள். வெட்டைத் தேடினாள். காலையில் பார்த்த கை மனதுக்குள் விரிந்தது. இழுபட்ட கறை. கூச்சத்தில் சிரித்து ஜுமானா இழுத்த கை. அதை அவள் காலையிலேயே அறிந்திருந்தாள். அறிய விரும்பவில்லை, அவ்வளவுதான். தோல் தோலாக, கோலம் கறுப்பாக. நெகட்டிவ் எல்லாவற்றையும் மாற்றிப்போடும். எதையும் விடாது. அப்படியானால், அதில் ஒருத்தி சரியாகத் தெரிய வேண்டுமென்றால்.

நேரில் அவள் எப்படி இருக்க வேண்டும்?

கதவின் அடித்துணி ஈரமாகி அவள் கால் பெருவிரலைத் தொட்டது. சேற்று நெடி. இந்த முறை வெளியிலிருந்து.

"ஏன் புள்ள ஒண்டும் கதைக்கிறீங்க இல்ல?" பரீனா கேட்டுக்கொண்டிருந்தாள். "இது என்ன, மருதோண்டி புடிக்கிதில்லையே. வெச்ச எடமெல்லாம் வெளுத்துப் போகுது."

தெருவில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. வேலிப் படலையைத் தட்டும் சத்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்! ராத்தா! நான் மபாஸா. படலையத் தொறங்களன்!"

தாள் கையில் இருந்தது. பெட்டி திறந்திருந்தது. கதவைத் திறந்தால் எல்லாத் தாளும் வெளிச்சம் பட்டுப் போகும். அவள் பெட்டியை மூடினாள். அந்த நேரத்திலும். மூன்று மூடியையும் ஒன்றின்மேல் ஒன்றாக, விரலால் தடவி, சரியாக.

திறந்தாள்.

முன்னறை முழுக்கப் பின்னேர வெயில். தரை ஈரம். பரீனா கதிரையின் காலடியில் குந்தியிருந்தாள். மருதோண்டிக் கோன் பிடித்த கையோடு. கண்ணீர் கண்ணை மறைக்க, குனிந்தபடி. அவள் இன்னும் தலையை நிமிர்த்தவில்லை. அவள் பிடித்திருந்த கை கறுத்திருந்தது. நகங்கள் இருண்டிருந்தன. உள்ளங்கையில் வெள்ளை நிலா. ஏழு வெள்ளைப் புள்ளி. மணிக்கட்டுவரை ஒரு வெள்ளைக் கறை.

கதிரையில் இருந்தவளின் கூந்தல் அவிழ்ந்து, வெள்ளை வெளேரென்று, ஈரம் சொட்டி, தரைவரை கிடந்தது. விழியின் வெண்மை இருந்த இடமெல்லாம் கறுப்பு. நடுவில் இரண்டு வெள்ளைப் பொட்டு. அவை கமராவைப் பார்க்கவில்லை. ஃபஹ்மியாவைப் பார்த்தன.

மடியில், வெங்காயச் சருகு ஒட்டிய இரண்டு பிலிம் துண்டுகள். வெட்டோடு வெட்டுப் பொருந்தியிருந்தன.

"ராத்தா," என்று கூப்பிட ஃபஹ்மியா வாயைத் திறந்தாள்.

அவளுக்கு முன்பே கதிரையில் இருந்தவள் வாயைத் திறந்தாள். சிரிப்பதற்கு. பற்கள் எல்லாம் கறுப்பு. மற்றக் கையை மெதுவாகத் தூக்கி, விரித்துக் காட்டினாள், ஒன்றும் மிஞ்சவில்லை என்று காட்டுவது போல.